வாசல் தாண்டும் விலை

விற்பனையாளர் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். மேலே 42,900 டாலர் என்று அச்சடித்து, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. கீழே கொட்டை எழுத்தில் 31,900. "இந்த வாரக் கடைசி வரைக்கும்தான்" என்றார். என் மனைவி தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. "இதைக் கட்டினால் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா?" என்று கேட்டாள்.

"கிட்டத்தட்ட" என்றார் அவர்.

அந்தக் கிட்டத்தட்டவின் விலை 4,300 டாலர். வற்புறுத்திக் கேட்ட பிறகு இன்னொரு தாள் வந்தது. ஆலையிலிருந்து கொண்டுவந்த கூலி 1,900. வண்டியைத் துடைத்துச் சோதித்துத் தயார் செய்ய 1,400. காகித வேலைக்கு 250. பேட்டரி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் அடங்கிய 'ஸ்டார்ட்டர் கிட்' 750. எல்லாம் சேர்த்தால் 36,200. வரி இதற்கு மேல். கால் பங்குக்கு மேல் தள்ளுபடி என்று காட்டிய கணக்கு, கூட்டிப் பார்த்தபோது ஆறில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

அமெரிக்காவில் புது டிராவல் டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பேரம் பேசத் தெரியாமல் ஏமாறுபவர்கள் குறைவு. நம் ஊர்க்காரர்களுக்குப் பேரம் தாய்ப்பாலோடு வந்தது. எந்த எண்ணை வைத்துப் பேரம் பேசுவது என்று தெரியாமல்தான் பணத்தை விடுகிறோம்.

பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிராவல் டிரெய்லர் என்பது எஞ்சின் இல்லாத சக்கர வீடு. கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கும். பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி, தேசியப் பூங்காவுக்கோ ஏரிக்கரைக்கோ இழுத்துச் செல்வார்கள். அமெரிக்காவில் ஆர்.வி. என்ற பொதுப்பெயரில் விற்கும் வண்டிகளில் இந்த வகைதான் அதிகம். அவற்றில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரத்தைச் சுற்றியே தயாராகிறது. கடை முற்றத்தில் இருபது பெயர்ப்பலகைகள் தெரியும். பின்னால் போய்ப் பார்த்தால் பெரும்பாலானவை தோர், ஃபாரஸ்ட் ரிவர், வின்னபேகோ என்ற மூன்று பெரிய வீடுகளின் பிள்ளைகள். ஜேகோவும் கீஸ்டோனும் ஏர்ஸ்ட்ரீமும் தோர் குடும்பம். ஃபாரஸ்ட் ரிவர், வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே 2005-இல் வாங்கியது. இது ஏன் முக்கியம் என்றால், ஒரே குடும்பத்துக்குள் கிட்டத்தட்ட ஒரே வடிவமைப்பு வேறு பெயரில், வேறு விலையில் அடுத்த கடையில் நிற்கும். "இந்த மாடல் எங்களிடம் மட்டும்தான்" என்று சொன்னால் அதன் அண்ணன் தம்பியைத் தேடுங்கள்.

இப்போது அந்த 42,900-க்கு வருவோம். புதுக் கார் வாங்கினால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டுக்குச் சட்டத்தின் காவல் உண்டு. செனட்டர் மைக் மொன்ரோனி முன்னின்று கொண்டுவந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அது. விலையை எப்படிப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. அந்தச் சட்டம் டிரெய்லரைத் தொடாது. ஆகவே டிரெய்லரில் ஒட்டியிருக்கும் எம்.எஸ்.ஆர்.பி., அதாவது ஆலை பரிந்துரைக்கும் விற்பனை விலை என்பது வெட்டுவதற்காகவே வளர்த்த ஆட்டுக்கடா. அதிலிருந்து எத்தனை சதவீதம் குறைத்தார்கள் என்று மகிழ்வதில் அர்த்தம் இல்லை. சாதாரண காலத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை குறைத்து விற்பது இந்த வியாபாரத்தில் நடைமுறைதான். ஆனால் மேல் எண்ணை யார் எழுதினார்கள் என்பது தெரியாதபோது, சதவீதம் வெறும் அலங்காரம்.

ஊரில் மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்குத் தெரியக்கூடாது என்பது ஏற்பாடு. இங்கே துண்டுக்குள் கையை விட்ட நமக்கே விலை தெரியாது. அதுதான் வித்தியாசம்.

துண்டை விலக்க ஒரே ஒரு கேள்வி போதும். இங்கே அதற்கு 'அவுட் த டோர்' என்று பெயர். வரி, பதிவு, கூலி, காகிதம், எல்லாக் கட்டணமும் அடங்கி, கடை வாசலைத் தாண்ட மொத்தமாக எவ்வளவு? அந்த ஒரு எண்ணைத்தான் பேச வேண்டும். காகித வேலைக்கான கட்டணத்தை, அதாவது டாக் ஃபீயை, குறைக்கவே முடியாது என்பார்கள். சில மாநிலங்களில் அதற்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது, சில மாநிலங்களில் கடைக்காரர் வைத்ததுதான் விலை. எல்லாரிடமும் அதே தொகையைத்தான் வாங்குகிறோம் என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். சரி, குறைக்க வேண்டாம், வண்டி விலையில் குறையுங்கள். வாசல் தாண்டும் எண் குறைந்தால் போதும், எந்த வரியில் குறைந்தது என்பது அவர் கவலை.

கட்டணங்களில் சில நியாயமானவை. வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போகின்றன. கொண்டுவரும் கூலியும் உண்மைச் செலவுதான், டீலர் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் எல்கார்ட்டிலிருந்து நான்கு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு 1,900 டாலர் கூலி என்றால் சிரிப்புத்தான் வந்தது. ஓரிகனுக்கு என்றால் ஒப்புக்கொள்ளலாம். தயார் செய்யும் கட்டணம் அதைவிட வேடிக்கை. அடுப்பு எரிகிறதா, தண்ணீர் கசிகிறதா என்று பார்த்துக் கொடுப்பது விற்பவன் கடமை. இட்லி தட்டில் வைப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்பது போல.

வாசல் தாண்டும் அந்த எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எப்படி அறிவது? வீட்டில் உட்கார்ந்தே அறியலாம், கடைக்குப் போவதற்கு முன்பே. முதலில் ஒருமுறை கடைகளில் ஏறி இறங்கி, கட்டிலில் படுத்துப் பார்த்து, குளியலறையில் முழங்கை இடிக்கிறதா என்று பார்த்து, மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள். அன்று எதுவும் பேச வேண்டாம். பிறகு ஆர்.வி. டிரேடர் போன்ற விற்பனைத் தளங்களில் அதே மாடல், அதே ஆண்டு, நாடு முழுவதும் என்ன விலைக்கு நிற்கிறது என்று பாருங்கள். இண்டியானா, மிச்சிகன், ஒஹாயோ பக்கம் நிறைய விற்கும் பெரிய கடைகள் இருக்கின்றன. விலையின் அடித்தளம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். நாலைந்து கடைகளுக்கு ஒரே மாதிரி மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்த மாடல், இந்த இருப்பு எண், என் அஞ்சல் குறியீடு இது, எல்லாக் கட்டணத்தையும் தனித்தனியாக எழுதி வாசல் தாண்டும் விலையைச் சொல்லுங்கள், இந்த மாதத்துக்குள் வாங்கப் போகிறேன் என்று. அவ்வளவுதான். கதை வேண்டாம், குழந்தைகள் எவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்ற செய்தி கண்டிப்பாக வேண்டாம்.

நாங்கள் ஐந்து பேருக்கு எழுதினோம். இருவர் கணக்கு அனுப்பினார்கள், அதில் ஒன்று மிச்சிகன் கடை. ஒருவர் பதிலே போடவில்லை. மற்ற இருவர் "நேரில் வாருங்கள், பார்த்துச் செய்கிறோம்" என்றார்கள். எழுத்தில் விலை சொல்லாத கடை, உங்களை நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார வைக்கப் பார்க்கிறது என்று பொருள். அந்த இரண்டு கணக்குத் தாள்கள்தான் எங்களுக்குக் கிடைத்த ஆயுதம். அவற்றை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு, அதே கிட்டத்தட்டக்காரரிடம், மறுபடி போனோம்.

கடைக்காரர் ஏன் இறங்கி வருவார் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். முற்றத்தில் நிற்கும் டிரெய்லர்களில் பெரும்பாலானவை அவர் சொந்தப் பணத்தில் வாங்கியவை அல்ல. கடனில் நிற்கின்றன. ஃபுளோர் பிளான் என்று அந்தக் கடனுக்குப் பெயர். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். குறிப்பிட்ட மாதங்கள் தாண்டினால் அசலிலும் ஒரு பகுதியைக் கட்டு என்று கடன் கொடுத்தவர் கேட்பார். ஆகவே நேற்று வந்திறங்கிய வண்டிக்கும் பத்து மாதமாகப் பனியிலும் வெயிலிலும் நிற்கும் வண்டிக்கும் கடைக்காரர் மனதில் ஒரே விலை இருக்காது. எவ்வளவு நாளாக நிற்கிறது என்பதை அவரிடம் கேட்க வேண்டியதில்லை. வண்டியின் பக்கவாட்டுச் சீட்டில் தயாரித்த மாதம் இருக்கும். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்த டயர்.

இன்னொன்று. அடுத்த ஆண்டு மாடல் நடு ஆண்டிலேயே வரத் தொடங்கிவிடும். அக்டோபரில் முற்றத்தில் நிற்கும் நடப்பாண்டு மாடல், பெயருக்குப் புதுசு, கடைக்காரருக்குப் பழசு. குளிர்காலம் நெருங்க நெருங்க, வடக்கு மாநிலங்களில் வாங்க ஆளும் குறையும். அந்த நேரம்தான் நல்ல நேரம், ராகுகாலம் பார்க்க வேண்டாம். ஆனால் பிற்காலத்தில் நீங்கள் விற்கும்போது மாடல் ஆண்டைத்தான் பார்ப்பார்கள். ஆகவே ஒரு வயது கூடிய வண்டிக்கு, கூடிய அந்த வயதுக்கும் சேர்த்துத் தள்ளுபடி வர வேண்டும்.

சந்தை நிலவரமும் ஒன்று உண்டு. கொரோனா காலத்தில் விடுதிக்குப் போகப் பயந்து எல்லாரும் டிரெய்லர் தேடினார்கள். 2021-இல் 6 லட்சம் ஆர்.வி.க்கள் ஆலைகளிலிருந்து கடைகளுக்குப் போயின, அதுவரை இல்லாத உச்சம். 2023-இல் அது 3 லட்சத்து 13 ஆயிரமாக விழுந்தது. அன்று ஒட்டிய விலையையே கொடுத்து வாங்கியவர்கள் பலர், இன்று விற்கப் போனால் வண்டியின் மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகம் என்று கையைப் பிசைகிறார்கள். டிரெய்லர் கடையை விட்டு வெளியே வந்த உடனே மதிப்பு இறங்கும் பொருள். முதல் நாள் கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வரவே வராது.

மறுமுறை போனபோது விற்பனையாளர் தாளைத் தொடவே இல்லை. "மாதம் எவ்வளவு கட்டினால் உங்களுக்கு வசதி?" என்று கனிவாகக் கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். சொன்ன நிமிடம் விலை மறைந்து தவணை வந்து உட்கார்ந்துகொள்ளும். டிரெய்லர் கடன் கார்க் கடன் போல ஐந்து வருடத்தில் முடிவதில்லை, 10, 15, 20 வருடம் என்று போகும். 30,000 டாலரை 8 சதவீத வட்டிக்கு 15 வருடம் கட்டினால் மாதம் சுமார் 287 டாலர். 20 வருடம் என்றால் 251. மாதம் 36 டாலர் மிச்சம் என்று தோன்றும். மொத்தமாகக் கூட்டினால் முதல் கணக்கில் 51,600, இரண்டாவதில் 60,200. மிச்சம் பிடித்த 36 டாலருக்காக எட்டாயிரத்து அறுநூறு அதிகம் கொடுக்கிறோம், அதுவும் கூரை ஒழுகத் தொடங்கிய பழைய வண்டிக்கு.

ரொக்கமாகத் தருகிறேன் என்றால் விலை குறையும் என்பது நம் ஊர் அனுபவம். நகைக் கடையில், மனை வாங்குவதில் அது பலித்திருக்கிறது. இங்கே அதை முதலிலேயே சொன்னால் எதிராகத் திரும்பும். கடன் ஏற்பாடு செய்து தருவதில் கடைக்கு லாபம் இருக்கிறது. வங்கி 8 சதவீதத்துக்குத் தரச் சம்மதித்த கடனை 9 என்று எழுதி, அந்த வித்தியாசத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. மேலே சொன்ன 15 வருடக் கடனில் அந்த ஒரு சதவீதம் உங்களுக்கு மூவாயிரம் டாலருக்கு மேல் செலவு. ஆகவே உங்கள் கிரெடிட் யூனியனில் முன்கூட்டியே கடன் அனுமதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். விலை எழுத்தில் வந்த பிறகு, "உங்கள் வட்டி என்னுடையதைவிடக் குறைவு என்றால் உங்களிடமே எடுக்கிறேன்" என்று சொன்னால் போதும். பழைய டிரெய்லரைக் கொடுத்துப் புதுசு வாங்குகிறவர்களும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். புதுசின் விலை முடிந்த பிறகே பழசைப் பற்றிப் பேச்சு.

விலை ஒத்துக்கொண்டு கைகுலுக்கியதும் இன்னொரு அறைக்கு அழைத்துப் போவார்கள். நாம் களைத்துப் போயிருப்போம், பேரம் முடிந்தது என்ற நிம்மதியில் இருப்போம். கடையின் லாபத்தில் ஒரு நல்ல பங்கு அந்த அறையில்தான் பிறக்கிறது. நீட்டித்த பழுதுபார்ப்பு ஒப்பந்தம், டயர் காப்பீடு, கூரைக்கும் துணிக்கும் பூச்சு என்று தட்டில் வரிசையாக வரும். எதுவும் கட்டாயம் இல்லை. எல்லாவற்றிலும் பேரம் உண்டு. பூச்சு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. பழுதுபார்ப்பு ஒப்பந்தம் வேண்டும் என்று தோன்றினால்கூட அன்றே வாங்க வேண்டியதில்லை. ஆலையின் உத்தரவாதம் பெரும்பாலும் ஒரு வருடம் ஓடும், அது முடிவதற்குள் வெளியே விலை கேட்டுப் பார்க்கலாம்.

தூரத்துக் கடையில் விலை குறைவு என்பதற்காக அங்கேயே வாங்கலாமா? இதில் எனக்குத் தெரிந்தவர்களுக்குள் இரண்டு கட்சி. புது டிரெய்லரில் பழுது வரும், வராமல் இருந்தால் அதிசயம். உத்தரவாதத்தில் சரிசெய்யப் பக்கத்துக் கடைக்காரரிடம் போனால், தன்னிடம் வாங்கியவர்களை முதலில் கவனித்து, உங்களைக் கோடை முடியும்வரை காக்க வைப்பார். தூரத்துக் கடைக்கு இழுத்துப் போனால் பெட்ரோலும் விடுமுறையும் போகும். பல மாநிலங்களில் பழுதுக் கார்களுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு, இழுத்துச் செல்லும் டிரெய்லருக்கு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஆயிரம் டாலர் வரை வித்தியாசம் என்றால் நான் பக்கத்துக் கடைக்கே கொடுப்பேன். ஐயாயிரம் என்றால் இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

இழுக்க உங்கள் டிரக்கால் முடியுமா என்பதும் விலையில் சேர்த்திதான். "தாராளமாக இழுக்கும்" என்று விற்பவர் சொல்வார். இழுக்கும் திறனை மட்டும் பார்க்காமல் ஓட்டுநர் கதவைத் திறந்து மஞ்சள் சீட்டைப் பாருங்கள், டிரக் தன் மேல் எவ்வளவு சுமை தாங்கும் என்று அதில் இருக்கும். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரக்கின் பின்பக்கம் வந்து அழுத்தும். 6,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 600 முதல் 900 வரை. குடும்பம், நாய், சாமான் எல்லாம் அதற்கு மேல். எடையைப் பகிர்ந்து தாங்கும் கொக்கி, பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி இரண்டும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தொடும். விலையில் இனி இறங்க மாட்டேன் என்று கடைக்காரர் நிற்கும் இடத்தில் இந்தக் கொக்கியைக் கேளுங்கள். பணத்தைக் குறைப்பதைவிடப் பொருளைக் கொடுப்பது அவருக்குச் சுலபம்.

எங்கள் கதையில் மூன்று தடவை எழுந்து மேனேஜரிடம் போய் வந்தார் அந்த விற்பனையாளர். தி. நகர் ஜவுளிக் கடையில் "முதலாளியைக் கேட்டுட்டு வரேன்" என்று படியேறுவதை நூறு தடவை பார்த்தவர்கள் நாங்கள். "போகலாம்ங்க, அந்த மிச்சிகன் கடையிலேயே எடுத்துடலாம்" என்று என் மனைவி கைப்பையை எடுத்தாள். அது நடிப்பு இல்லை, அவளுக்கு உண்மையிலேயே பசி. மூன்றாவது தடவை திரும்பி வந்தவர் வரியெல்லாம் அடங்கி 34,100 என்று எழுதினார். 36,200-க்கு மேல் வரி என்று தொடங்கிய பேச்சு அது. மிச்சிகன் கணக்கைவிட 600 அதிகம். சரி என்றோம். முன்பணம் 500 கொடுத்தோம், சோதனையில் குறை கண்டால் திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே எழுத வைத்து. மூன்று நாளுக்குள் மனம் மாறினால் திருப்பிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். வீட்டு வாசலில் வந்து விற்பவர்களுக்கான விதி அது. கடையில் போய்க் கையெழுத்துப் போட்டவருக்குப் பொருந்தாது.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் வண்டியைச் சோதிக்க வேண்டும், பின்னால் அல்ல. நாள் குறித்துக்கொண்டு காலையிலேயே போனோம். மின்சாரமும் தண்ணீரும் இணைத்துத் தரச் சொன்னோம். வேண்டுமானால் சில நூறு டாலருக்குத் தனி ஆய்வாளரையும் அமர்த்தலாம். நாங்கள் டார்ச் விளக்கோடு நாங்களே இறங்கினோம். குளிர்பெட்டி, அடுப்பு, வெந்நீர், விரியும் பக்கச் சுவர் எல்லாம் ஓடின. குளியல் குழாயைப் பத்து நிமிடம் திறந்துவிட்டு, என் மனைவி கீழ் அலமாரியைத் திறந்து கையை நீட்டித் தடவினாள். விரல் ஈரமாக வந்தது. வடிகால் குழாயின் இணைப்பு சரியாக இறுகவில்லை.

"இது சின்ன விஷயம். இப்போது கையெழுத்துப் போடுங்கள், அடுத்த வாரம் கொண்டுவந்தால் சரிசெய்து தருகிறோம்" என்றார் விற்பனையாளர்.

"அடுத்த வாரமே வந்து கையெழுத்துப் போடுகிறோம்" என்றாள் அவள்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டார்கள். குழாய் மாற்றியிருந்தார்கள். அலமாரியின் அடிப்பலகையையும் மாற்றியிருந்தார்கள். 750 டாலர் ஸ்டார்ட்டர் கிட்டில் இருந்த பேட்டரியும் குழாய்களும் முன்பெட்டியில் இருந்தன, ரசீதில் அதற்கு நேரே பூஜ்யம்.